நாற்பது கிலோவில் பதினேழு

மாத்திரை பாட்டிலைப் பற்றி மட்டும் எழுதுங்கள் அம்மா, நாலு பேர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும், மற்றதெல்லாம் எதற்கு என்றாள் என் மகள் கோமதி. மற்றது என்று அவள் சொன்னது என் பொறாமையை. அதை விட்டுவிட்டு அந்த பாட்டிலைப் பற்றி எப்படி எழுதுவது? பொறாமை இல்லாவிட்டால் நான் அதை வாங்கியே இருக்க மாட்டேன். வாங்காமல் இருந்திருந்தால் இரண்டு வாரம் அரசாங்க ஆஸ்பத்திரியில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்திருக்கவும் மாட்டேன். ஆகவே இரண்டையும் சேர்த்தேதான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

பொறாமை யார் மேல் என்றால், தேவகி மேல். என் கொழுந்தனின் மனைவி, என் ஓரகத்தி. என்னைவிட இரண்டு வயது இளையவள், இப்போது ஐம்பத்தைந்து. ஜாசின் பக்கத்தில் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறாள். செம்பனை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் நிரப்பி, தோளில் தூக்கி வண்டியில் ஏற்றுவது அவள் வேலை. நானோ ஆயர் குரோவில் ஒரு ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருடம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சின்னச் சின்னப் பாகங்களைச் சரிபார்த்தவள். பாயா ரும்புட்டில் எங்களுக்குச் சொந்த வீடு, வாசலில் கார். தேவகிக்கு லயத்து வீடும் ஒரு பழைய மோட்டார்சைக்கிளும். ஆனாலும் இத்தனை வருடமாக அவளைப் பார்த்து வயிறெரிந்தது நான்தான்.

எதற்கு என்று கேட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவள் உடம்பைப் பார்த்து. ஒடிசலாக, கறுப்பாக, முறுக்கிய கயிறு போல ஒரு உடம்பு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள், கை ஊன்றாமல் அப்படியே எழுந்து நிற்பாள். கல்யாண வீடுகளில் சோற்று அண்டாவை இறக்க ஆம்பளைகள் வருவதற்குள் அவள் இறக்கியிருப்பாள். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, பாத்தியா சரசு என்பார். அந்த ‘பாத்தியா’வைத்தான் என்னால் தாங்க முடியாது.

எங்கள் மாமியார் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். மாசி மகத்துக்கு இரண்டு மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் பால்குடம் எடுக்க வேண்டும் என்று. முருகன் ரதம் டவுனிலிருந்து செங் என்ற ஊரிலிருக்கும் கோயிலுக்குப் போகும் நாளில், இருபத்தொரு நாள் விரதம் இருந்து, ஒரே நிற மஞ்சள் புடவையில் நாங்கள் இருவரும் நடப்போம். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் பாதி வழியில் என் முழங்கால் மடங்கிவிட்டது. தேவகி தலையிலிருந்த குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, மறு கையை என் அக்குளில் கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினாள். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. சுற்றி இருந்தவர்கள் என்னைப் பாவம் என்றார்கள், அவளைப் பலே என்றார்கள். என் வீட்டுக்காரர் அதை ஒரு மாதம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே பசார் மாலாமுக்குப் போனேன். வாராந்திர இரவுச் சந்தைதான். அங்கே ஒரு ஆள் மைக் பிடித்துக்கொண்டு முழங்கால் வலிக்கு ஜாமு, அதாவது நாட்டு மருந்து மாத்திரை, விற்றுக்கொண்டிருந்தான். பாட்டில் மேல் ஓடுகிற குதிரை படம். எல்லாம் வேர், பட்டை, இலை, ஒரு கெடுதலும் இல்லை என்றான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்றாம் நாள் வலி போன இடம் தெரியவில்லை. பசி எடுத்தது. துணி துவைப்பதும் வீடு கழுவுவதும் விளையாட்டாக இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தேவகி காதுக்குப் போகும், மருந்து சாப்பிட்டுத்தான் நடக்கிறேன் என்று ஆகிவிடும்.

கொஞ்ச மாதத்தில் என் முகம் உருண்டு, கன்னம் இரண்டும் சிவந்து பளபளத்தது. பார்த்தவர்கள் எல்லாம், என்ன சரசு, வேலையை விட்ட பிறகு முகத்தில் இப்படி ஒரு களை என்றார்கள். ஒரு நிச்சயதார்த்தத்தில் தேவகியே என் தாடையைத் தொட்டுப் பார்த்து, அக்கா என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். மனசு நன்றாக இருந்தால் முகமும் நன்றாக இருக்கும் என்றேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் மகள் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

அதே மாதங்களில் வேறு சிலவும் நடந்தன, நான்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கொடியில் துணி போடக் கையைத் தூக்கினால் கை நடுங்கிக் கீழே இறங்கிவிடும். சோபாவிலிருந்து எழ இரண்டு கையும் ஊன்ற வேண்டியிருந்தது. ரவிக்கை வயிற்றில் இறுக்கிப் பிடிக்கும், கையில் தொளதொளக்கும். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மகம் வந்தது. விரதம் தொடங்கும் நாள் காலையில் மாத்திரையைக் கையில் எடுத்தபோது, கோமதி என்றைக்கோ சொன்னது ஞாபகம் வந்தது. இந்த வழவழப்பான மாத்திரைக் கூடுகளை மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்துதான் செய்கிறார்களாம். பால்குடத்துக்கு விரதம் இருந்துகொண்டு மாட்டை விழுங்குவதா? அன்றோடு நிறுத்திவிட்டேன். மீதி மூன்று பாட்டில் இருந்தது. அலமாரியில் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன். முருகா, இருபத்தொரு நாள் என் காலை நீ பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை காலை, பூஜை அறையில் விழுந்தேன். அதற்கு முன் மூன்று நாளாக வாந்தி, தலைசுற்றல், கை கால் எல்லாம் கழன்று விழுவது போல ஒரு சோர்வு. விரதக் களைப்பு, எலுமிச்சைத் தண்ணீர் குடி என்றார் வீட்டுக்காரர். விழுந்த பிறகு அவரால் என்னைத் தூக்க முடியவில்லை. எழுபத்தொரு கிலோ. பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து தூக்கிக் காரில் போட்டார்கள்.

அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, சர்க்கரையும் இறங்கியிருந்தது. ஆளுக்கொரு பக்கம் ஊசி குத்தினார்கள். மாலையில் வார்டுக்கு மாற்றிய பிறகு கண்ணைத் திறந்தால், காலடியில் தேவகி. விஷயம் தெரிந்ததும் மோட்டாரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போய், அலமாரிச் சாவியை வாங்கி, எனக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டாளாம். இனி பகலெல்லாம் இங்கேதான் என்றாள். ரத்த அழுத்தம் அப்போதே ஏறியிருக்க வேண்டும்.

அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த தண்டனை எது என்று கேட்டால், ஊசியைச் சொல்ல மாட்டேன். தேவகியின் அன்பைச் சொல்வேன். கழிப்பறையில் உட்கார்ந்தால் என்னால் எழ முடியாது. தொடையில் பலமே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளே வந்து, பிடிச்சுக்குங்கக்கா என்று சொல்லி, ஒரே மூச்சில் தூக்கி நிறுத்துவாள். குளிப்பாட்டினாள், தலை சீவினாள். மிசிமார்கள், அதாவது நர்சுகள், உனக்கு இப்படி ஒரு தங்கச்சி கிடைத்தது அதிர்ஷ்டம் என்று மலாயிலும் தமிழிலும் சொல்லிவிட்டுப் போவார்கள். எதிர்க் கட்டிலில் இருந்த அம்மாவுக்குத் துணைக்கு வந்த மகள் எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமை. அவரை யாரும் இப்படித் தூக்கித் தூக்கி நிறுத்தவில்லை.

எனக்கு வைத்தியம் பார்த்தது டாக்டர் ஷாமினி, சின்ன வயதுத் தமிழ்ப் பெண். வெள்ளிக்கிழமை காலையில் என் முகத்தையும், பின்கழுத்தில் திரண்டிருந்த சதையையும், வயிற்றில் ஓடிய சிவப்புக் கோடுகளையும் பார்த்தார். நாட்டு மருந்து, ஜாமு, கடையில் வாங்கிய வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பக்கத்தில் தேவகி நின்றிருந்தாள். இல்லை டாக்டர் என்றேன். சனிக்கிழமையும் கேட்டார். சனிக்கிழமையும் இல்லை என்றேன்.

திங்கட்கிழமை என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். தள்ளிக்கொண்டு வந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. புவான் நோராய்னி என்ற அந்த மலாய்ப் பெண்மணி ஒரு இயந்திரத்தைக் காட்டினார். எடை பார்க்கும் மேடை போலத்தான் இருந்தது. வெறுங்காலோடு ஏறி, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உடம்புக்குள் மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, தசை எவ்வளவு என்று அது கணக்குப் போடுமாம். மின்சாரம் என்றதும் நான் பின்வாங்கினேன். பயப்படாதீங்கக்கா, நான் மொதல்ல நின்னு காட்டுறேன் என்று தேவகி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவிட்டாள். புவான் நோராய்னியும் சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தினார். பிறகு தேவகி என்னைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டுக் கையை எடுத்தாள். அந்த ஒரு நிமிடம் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டு தாள் வந்தது. அவளுக்கு ஐம்பத்திரண்டு கிலோ, எனக்கு எழுபத்தொன்று. அதில் கொழுப்பு எனக்கு முப்பத்தொன்று. போகட்டும் என்று அடுத்த வரியைப் பார்த்தேன். கொழுப்பைக் கழித்த உடல் எடை: எனக்கு நாற்பது கிலோ, தேவகிக்கு முப்பத்தொன்பது. ஒரு கிலோ நான் அதிகம். எனக்கு உயிர் வந்தது. பார்த்தீர்களா, கொழுப்பை எடுத்துவிட்டாலும் நான்தான் பலசாலி என்று புவான் நோராய்னியிடம் மலாயில் சொன்னேன்.

அவர் பொறுமையாக ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கொழுப்பைக் கழித்தால் மிஞ்சுவதெல்லாம் தசை இல்லை. எலும்பு, ஈரல், மூளை, குடல், ரத்தம், உடம்பில் தேங்கிய தண்ணீர் எல்லாம் அந்த நாற்பதுக்குள்தான் இருக்கிறது. எழ, நடக்க, தூக்க நாம் இஷ்டப்படி அசைக்கிற தசை அதில் ஒரு பங்கு மட்டுமே. அதை எலும்புத் தசை என்பார்கள். ஆரோக்கியமான ஒருவருக்கு அது ஏறக்குறையப் பாதி இருக்கும். தேவகிக்கு முப்பத்தொன்பதில் இருபத்தொன்று. எனக்கு நாற்பதில் பதினேழு. மீதியை நிரப்பி வைத்திருப்பது பெரும்பாலும் தண்ணீர். என் புறங்காலை அவர் கட்டைவிரலால் அழுத்தினார், குழி விழுந்தது. குழி மூடவே இல்லை.

கூட இருந்தவள் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? நாலு கிலோதானக்கா, தேத்திப்புடலாம்லா என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து வார்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், அவள் தள்ளும்போது மூச்சுகூட வாங்காததைக் கேட்டுக்கொண்டே வந்தேன். என்னிடம் இல்லாத நாலு கிலோ என் முதுகுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, தேவகி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் டாக்டர் ஷாமினி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டை அவைதான் சுரக்கும் என்றார். வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வந்தால் அவை வேலையை நிறுத்திவிட்டுத் தூங்கிவிடும். வெளியிலிருந்து வருவதும் திடீரென்று நின்றுவிட்டால் உடம்பு இப்படித்தான் சரிந்து விழும்.

“உங்க ரத்தத்துல அந்தச் சுரப்பு சுத்தமா இல்லம்மா. எங்கேயிருந்தோ உள்ள போயிருக்கு. என்னான்னு தெரியாம நான் எப்படி உங்களை நடக்க வைக்கிறது?”

அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நோயாளி சொல்வதை நாங்கள் வெளியே சொல்ல மாட்டோம் என்றார். திட்டவில்லை. சந்தையில் விற்கும் இப்படிப்பட்ட சில மருந்துகளில் வேரும் பட்டையும் பெயருக்குத்தான், உள்ளே ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள் என்றார். வலியை அது மறைக்கும், முகத்தை உப்ப வைக்கும். ஆனால் தொடையிலும் மேல் கையிலும் இருக்கும் தசையை உடைத்துக் கரைக்கும். எல்லாரும் களை என்று சொன்னது அதைத்தான். மாதக்கணக்கில் நான் என் காலையே தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

சோதனைக்கு அனுப்ப பாட்டில் வேண்டும் என்றார். கோமதியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, பட்டுப் புடவைக்கு நடுவில் மூன்று பாட்டில் இருக்கும், கொண்டு வா என்றேன். புதன்கிழமை வேலை முடிந்து அவள் வந்தபோது கையில் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. நன்றாகத் தேடினேன் அம்மா, ஒன்றுதான் இருந்தது என்றாள். அந்த அலமாரியை நான் விழுந்த பிறகு திறந்தது ஒரே ஒருத்திதான்.

அன்று காலையில்தான் தேவகி சொல்லியிருந்தாள். ஒரு வாரமாக முழங்கால் வலியே இல்லையாம். அவளுக்கும் முழங்கால் வலி இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தூக்கம் வருவதில்லையாம், விடியுமுன்பே எழுந்து பாத்திரமெல்லாம் தேய்த்துவிடுகிறாளாம், ஆனால் களைப்பே இல்லையாம். ஒரு வேளை விரதச் சாப்பாட்டை மூன்று தட்டுச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லையாம். எனக்கு மூன்றாம் நாள் தெரிந்த அதே சுகம், வார்த்தை மாறாமல்.

டாக்டர் ஷாமினி அந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டு, வேறு பாட்டில் இருக்கிறதா, வீட்டில் வேறு யாராவது சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். இருந்தால் இப்போதே சொல்ல வேண்டும், அவர்களும் உங்களைப் போலத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, நிறுத்தாமல் போனாலும் ஆபத்து என்றார்.

இல்லை, மீதியை எறிந்துவிட்டேன் என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நடந்தது இதுதான். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் தேவகி என்னைத் தூக்கி உட்கார வைத்தபோது, என் முதுகைத் தாங்கிய அவள் கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொன்று இனிமேல் இருபதாகும், பத்தொன்பதாகும். அவளும் ஒரு நாள் சம்மணத்திலிருந்து எழ முடியாமல் தரையில் கையூன்றுவாள். அப்போது என் வீட்டுக்காரர் யாரைக் காட்டி எனக்குப் ‘பாத்தியா’ சொல்வார் பார்க்கலாம் என்று நினைத்தேன். நான் என்ன கையைப் பிடித்தா ஊட்டினேன், அவளேதான் திருடி எடுத்தாள் என்றும் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வீட்டிலிருந்து எனக்கு முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொண்டுவந்து ஸ்பூனால் ஊட்டினாள். குடித்தேன். அப்போதும் சொல்லவில்லை. தோட்டத்து வேலையை நம்பித்தான் அவள் அடுப்பு எரிகிறது, தோளில் சாக்கு ஏறாவிட்டால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை நல்ல புத்தி வந்து சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அன்று பார்வையாளர் நேரத்தில் என் வீட்டுக்காரர் வந்தார். எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே தேவகியைப் பார்த்தார்.

“தேவகிக்கு மொகத்துல என்னா ஒரு களை வந்துருக்கு பாத்தியா சரசு? விரதம் இருந்தா இப்படி இருக்கணும்.”

தேவகி தலையைக் குனிந்து சிரித்தாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது, லேசாகச் சிவந்திருந்தது. என் கன்னம் அது. என்னிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான், அதையும் அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். எனக்குத் தலைக்கு ஏறியது.

“களையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. அது மருந்து. என் பீரோவுலேர்ந்து எடுத்து முழுங்குறா. என்னைப் படுக்க வச்ச அதே மருந்து.”

வார்டே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்காரர் கையிலிருந்த ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது. எந்த மருந்து, யாருடைய மருந்து என்று அவர் கேட்கக் கேட்க, என் கதையையும் அங்கேயே கக்க வேண்டியதாயிற்று. பதினோரு மாதம் மறைத்தது அரை நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. தேவகி தன் இரண்டு தொடைகளையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிசி ஓடிப்போய் டாக்டர் ஷாமினியை அழைத்து வந்தார்.

அவளுக்கு அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். ஒன்பது நாள்தான் என்பதால் தப்பித்தாள். சுரப்பிகள் இன்னும் தூங்கிப் போகவில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டு, சோர்வோ வாந்தியோ வந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். எனக்கு வேறு ஸ்டீராய்டு மாத்திரையைக் கணக்காகக் கொடுத்து, பல மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். டாக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மீதியை எறிந்துவிட்டேன் என்றீர்களே அம்மா என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மாசி மகம். தேவகி தனியாகப் பால்குடம் எடுத்தாள். முழங்கால் வலி திரும்பி வந்து, இரண்டு இடத்தில் நின்று நின்று போனாளாம். என் வீட்டுக்காரர் அதை என்னிடம் சொல்லும்போது முதல் தடவையாகப் ‘பாத்தியா’ இல்லாமல் சொன்னார். இரண்டு நாள் கழித்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பு வார்டு என்பதால் பில் பெரிதாக இல்லை. நடைக்கம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கார் வரைக்கும் என் காலால் நடந்தேன்.

கரைந்த தசை மருந்தால் திரும்பாது, வேலை கொடுத்தால்தான் திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். தினம் முட்டை, மீன், பருப்பு, அப்புறம் பயிற்சி. கை இரண்டையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும், உட்கார வேண்டும், மறுபடி எழ வேண்டும். முதல் மாதம் ஒன்றுகூட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவகி ஜாசினிலிருந்து வந்து எதிரே நின்று எண்ணுவாள். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நான்தான் அவள் காலைக் காப்பாற்றினேன் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளும் வருகிறவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னாள். ஒவ்வொரு தடவை அவள் சொல்லும்போதும் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஐந்தாம் மாதம் இயந்திரத்தில் நின்றபோது தண்ணீர் வடிந்து நாற்பது முப்பத்தெட்டாகியிருந்தது, பதினேழு பத்தொன்பதாகியிருந்தது. சரிபாதி என்று புவான் நோராய்னி கை தட்டினார். தேவகிக்கு இன்னும் இரண்டு கிலோ அதிகம் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏழாவது தடவை எழுந்து நின்றபோது அவள் எண்ணுவதை நிறுத்தினாள்.

“கோமதி பாட்டிலைக் கொண்டாந்து குடுத்தது புதன்கிழமைதானக்கா?”

கோமதி பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். நாற்காலியின் விளிம்பைக் கையால் தேடினேன். பொய் சொல்ல நேரம் இருந்தது, வாய் வரைக்கும் வந்தது.

“ஆமா. புதன்கிழமையே தெரியும். வேணும்னுதான் மூணு நாள் சொல்லல. உனக்கும் கால் போவட்டும்னு இருந்தேன்.”

தேவகி என்னைப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த காரைப் பார்த்தாள், ஹாலில் தொங்கிய விளக்கைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

“உங்க மொகம் மாதிரி ஆவணும்னுதான் நான் எடுத்தேன். முட்டி வலி இருந்துச்சுதான், ஆனா அதுக்காக எடுக்கல. நானா இருந்தா சொல்லியே இருக்க மாட்டேன்க்கா.”

முப்பது வருடமாக அவளும் என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். கேட்டதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. என்னை அறியாமல் உட்கார்ந்துவிட்டேன். அவள் கை கொடுக்க வரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். நான் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்தேன்.